அச்சும் அழகும்: பி. நாகிரெட்டியின் தொழில் வாழ்க்கை

ஒரு நாட்டு மக்கள் எவ்வாறு உடுத்துகிறார்கள், எதனை அழகென்று கொள்கிறார்கள் என்பதைத் தறிகாரரும் தையற்காரரும் மட்டுமே முடிவு செய்வதில்லை. மக்களின் கண்முன் ஓயாது வைக்கப்படும் படங்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. முற்காலத்தில் அந்தப் பணியைக் கோயிற் சிற்பங்களும் சுவரோவியங்களும் செய்தன. திருப்பதிக்கு அருகிலுள்ள காளஹஸ்தியில், துணியின் மீதே எழுதுகோலால் இதிகாசக் காட்சிகளைத் தீட்டும் கலம்காரிக் கலைஞர்கள் செய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், 1894-இல், ராஜா ரவிவர்மா பம்பாயில் தம் கல்லச்சுக்கூடத்தைத் தொடங்கினார். அங்கிருந்து பரவிய வண்ணப் படங்களின் வழியே லட்சுமியும் சரஸ்வதியும் ஒரே வகைப் புடவைக் கட்டுடன் நாடெங்கும் வீடுகளுக்குள் நுழைந்தார்கள். அதற்குப் பின் வந்தவை வண்ணப் பத்திரிகையும் சினிமாவும்.

தென்னாட்டில் இவ்விரண்டு சாதனங்களையும் ஒரே கையில் வைத்திருந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தி, பல மொழி பேசும் குடும்பங்களின் கண்களைப் பழக்கியவர் ஒருவர் உண்டு. அவர் பி. நாகிரெட்டி. அவருடைய தொழில் வரலாற்றைச் சித்தூர், திருப்பதிப் பக்கத்திலிருந்து பார்ப்பதில் ஒரு தனிப் பொருத்தம் இருக்கிறது. ஏனெனில் அவருடைய வாழ்வில் முக்கியமான இழைகள் சில இந்த மண்ணில்தான் வந்து முடிகின்றன.

நாகிரெட்டி 1912-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ஆம் தேதி, கடப்பை மாவட்டத்துப் பொட்டிப்பாடு என்ற சிற்றூரில் பிறந்தார். அவருடைய தமையனார் பி. என். ரெட்டி தெலுங்குத் திரையுலகின் முன்னோடி இயக்குநர்களுள் ஒருவர். சென்னையில் இக்குடும்பத்தார் நடத்திய பி. என். கே. அச்சகமே பின்னாளில் எழுந்த பெரிய மாளிகைக்கு அடித்தளம். அண்ணனை அந்த அச்சகம் திரைப்படத்தின் பக்கம் அழைத்துச் சென்றது. தம்பிக்கு அச்சுத்தொழிலே முதற் பள்ளியாயிற்று. மையின் தரம், தாளின் எடை, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் பொருந்தும் நுட்பம் ஆகியவற்றை அறிந்த பிறகே அவர் பத்திரிகை அதிபரானார். தம் பொருள் எவ்வாறு உருவாகிறது என்பதைக் கையால் அறிந்த முதலாளி அவர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சித்தூரின் தொடர்பு இங்கே தொடங்குகிறது. பி. என். ரெட்டி பங்கேற்ற 'கிருஹலட்சுமி' என்ற படம் 1938-இல் வெளிவந்தது. அதில் ஒரு புதிய நடிகர் தோன்றினார். குண்டூர் மாவட்டத்தில் பிறந்தவராயினும், சித்தூர் ராம விலாஸ சபையின் மேடையில் பாடி நடித்துப் புகழ்பெற்றதால் ஊரின் பெயரையே தம் பெயருக்கு முன் தாங்கியவர் அவர். சித்தூர் வி. நாகையா என்று தமிழரும் தெலுங்கரும் அவரை ஒருங்கே போற்றினர். பின்னர் வாஹினி நிறுவனத்தின் 'வந்தே மாதரம்' (1939), 'சுமங்கலி' (1940), 'தேவதா' (1941), 'பக்த போதனா' (1942) ஆகிய படங்களில் நாகையாவே முதன்மை பெற்றார். எளிய வேட்டியும் மேலாடையும் அணிந்து, அடங்கிய குரலில் பேசும் அந்த உருவம், பளபளப்பான பட்டும் முத்துமாலையுமே நாயகனின் அடையாளம் என்றிருந்த புராணப் படக் காலத்தில் ஒரு மாற்றமாக வந்தது.

இரண்டாவது தொடர்பு மதனப்பள்ளி. அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், இந்திய மொழிபெயர்ப்பு வரலாற்றில் இருமுறை இடம்பெறுகிறது. 1919-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அங்குள்ள பெசன்ட் தியாசபிகல் கல்லூரியில் தங்கியிருந்தபோதுதான் ரவீந்திரநாத் தாகூர் 'ஜன கண மன' பாடலைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது பலரும் அறிந்தது. அவ்வளவாகப் பேசப்படாதது மற்றொன்று. தெனாலியைச் சேர்ந்த ஆலூரி வெங்கட சுப்பாராவ் என்ற இளைஞர், காசநோய்க்குச் சிகிச்சை பெறுவதற்காக 1932-இல் மதனப்பள்ளிக்கு வந்தார். அந்த நோய்க்கு அக்காலத்தில் கைகண்ட மருந்து இல்லை. நல்ல காற்றும் நீண்ட ஓய்வுமே சிகிச்சை. படுக்கையில் கழித்த அந்த மாதங்களை அவர் வீணாக்கவில்லை. அங்கிருந்த வங்காளி அன்பர் ஒருவரிடம் வங்காள மொழியைக் கற்றுக்கொண்டார். உடல் தேறி எழுந்ததும் சரத்சந்திரரின் நாவல்களைத் தெலுங்கிற்குக் கொண்டுவந்தார். சக்கரபாணி என்ற புனைபெயரால் உலகறிந்தவர் அவரே.

பி. என். ரெட்டியின் 'சுவர்க்க சீமா' (1945) படத்திற்கு எழுதுவதற்காகச் சக்கரபாணி சென்னைக்கு வந்தபோது நாகிரெட்டியுடன் ஏற்பட்ட நட்பு, 1975-இல் சக்கரபாணி மறையும்வரை நீடித்தது. ஒருவர் எழுத்தும் கற்பனையும் உடையவர். மற்றவர் இயந்திரமும் கணக்கும் அறிந்தவர். கூட்டுத் தொழில்கள் கணக்குப் புத்தகத்தாலும் மனக்கசப்பாலும் முறிவதே உலக வழக்கமாயிருக்க, இவ்விருவரின் கூட்டு முப்பது ஆண்டுகள் முறியாமல் நின்றது.

அந்தக் கூட்டின் முதற்கனி 1947-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளிவந்தது. நாடு விடுதலை பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு, தெலுங்கில் 'சந்தமாமா' என்றும் தமிழில் 'அம்புலிமாமா' என்றும் ஒரே சமயத்தில் சிறுவர் மாத இதழ் ஒன்று பிறந்தது. 1949-இல் கன்னடமும் இந்தியும் சேர்ந்தன. பின்னர் மராத்தி, மலையாளம், குஜராத்தி முதலிய மொழிகளும், 1955-இல் ஆங்கிலமும், 1984-இல் சமஸ்கிருதமும் சேர்ந்தன. பிற்காலத்தில் சந்தாலி மொழியிலும் ஒரு பதிப்பு வந்தது. ஒரே பொருளடக்கத்தை இத்தனை இந்திய மொழிகளில் மாதந்தோறும் தந்த வேறொரு பத்திரிகையை எண்ணிப் பார்ப்பது கடினம்.

இதில் அடங்கிய தொழில் நுட்பத்தைச் சற்றே கவனிக்க வேண்டும். வண்ண அச்சில் செலவு மிகுந்த பகுதி படங்களே. ஓவியரின் கூலி, வண்ணம் பிரித்தல், அச்சுப் பாளம் செய்தல் ஆகிய யாவும் முதற்பிரதி வருவதற்கு முன்பே ஆகிவிடும் செலவுகள். ஒரே படத்தைப் பல மொழிப் பதிப்புகளுக்கும் பயன்படுத்தினால், அந்தச் செலவு பல பங்காகப் பிரிந்துவிடும். ஆகவே படங்கள் பொதுவாயின. எழுத்து மட்டும் மொழிக்கு மொழி மாறியது. ஏழைக் குடும்பமும் வாங்கக்கூடிய விலையில் பல வண்ணப் பத்திரிகை கிடைத்ததன் இரகசியம் இதுவே. அரிய கற்பனையைக் காட்டிலும் அரிய சிக்கனம் ஒரு பத்திரிகையை வாழவைக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் சிக்கனத்திற்காகச் செய்த ஏற்பாடு ஒரு பண்பாட்டு விளைவையும் உண்டாக்கியது. படம் பொதுவென்றால், படத்திலுள்ளோரின் உடையும் பொதுவாகத்தானே இருக்க வேண்டும்? அம்புலிமாமாவின் கிராமத்துப் பெண் கொய்து செருகிய புடவையும் கொண்டையில் பூவுமாக நிற்பாள். குடியானவன் முழங்கால் வரை வேட்டியும் தலைப்பாகையுமாக வருவான். வணிகனுக்கு நீண்ட அங்கி. அரசனுக்குக் காதணியும் முடியும். இவர்கள் தஞ்சாவூர்க்காரர்களா, தெனாலிக்காரர்களா, நாசிக்காரர்களா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. எம். டி. வி. ஆச்சார்யா, 'சித்ரா' என்று கையொப்பமிட்ட ராகவன், அட்டைப் படங்களால் புகழ்பெற்ற வட்டாதி பாப்பய்யா, விக்கிரமன் வேதாளக் கதைகளுக்கு உருவம் தந்த சங்கர் ஆகிய ஓவியர்கள் சேர்ந்து படைத்தது, எந்த ஒரு மாவட்டத்திற்கும் உரியதல்லாத, ஆனால் எல்லா மாவட்டத்தாரும் தமதென்று கொண்ட ஓர் உடை உலகம். சங்கருக்கு அவர் மறைவிற்குப் பின் 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இதில் இழப்பும் இருந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. கண்டாங்கிச் சேலையின் பின்கொசுவமும், வெங்கடகிரி நெசவின் மெல்லிய கரையும், மலைநாட்டு முண்டும் அந்தப் பொது உருவத்தில் கரைந்து போயின. குழந்தை தன் பாட்டியின் கட்டைப் படத்தில் காணவில்லை. பொதுமை என்பது எப்போதும் சிலவற்றை விழுங்கித்தான் வளர்கிறது.

இருந்தபோதிலும், அக்காலத்து அரசியலை நினைத்துப் பார்த்தால் தராசின் மற்றத் தட்டும் தாழ்கிறது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. சென்னை யாருக்கு, திருப்பதி யாருக்கு, சித்தூர் யாருக்கு என்று இரு மொழியாரும் மனம் கொதித்திருந்த காலம் அது. வடக்கெல்லைக்காக ம. பொ. சிவஞானம் போராடினார், சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இவ்வளவு கிளர்ச்சிக்கும் நடுவே, சென்னை வடபழனியில் ஆற்காடு சாலையிலிருந்த ஓர் அச்சுக்கூடம் மாதந்தோறும் ஒரே கதையை இரு தரப்புக் குழந்தைகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. எல்லைக் கல்லின் இருபுறமும் விக்கிரமன் அதே மரத்திலேறி அதே வேதாளத்தை இறக்கினான்.

சித்தூரில் எங்கள் உறவினர் வீட்டில் பல ஆண்டுகள் கழித்தும் இரண்டு பதிப்புகளும் வந்துகொண்டிருந்தன. மருமகளாக வந்த அத்தை தெலுங்குச் சந்தமாமாவை வாசிப்பார், பாட்டியம்மாள் தமிழ் அம்புலிமாமாவை வைத்துக்கொண்டு, "உன் புத்தகத்தில் ராஜா என்ன சொல்கிறான் அம்மா?" என்று கேட்பார். இரண்டையும் அருகருகே விரித்து, படம் ஒன்றாயிருக்க வாக்கியம் மட்டும் வேறாயிருப்பதைக் கண்டு வியந்ததுதான், பின்னாளில் மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு முதற்பாடம். கதைகள் பெரும்பாலும் எழுதியவர் பெயரின்றியே வந்தன. 1952 முதல் 1980-இல் தாம் மறையும்வரை ஆசிரியப் பொறுப்பைச் சுமந்த கொடவடிகண்டி குடும்பராவ் தெலுங்கின் பெரும் எழுத்தாளர். அவர் கைவண்ணமும் இதழில் பெயர் காட்டாமலே நின்றது. மொழிபெயர்த்தவர்களின் பெயர்களைச் சொல்லவே வேண்டாம். முதலாளியின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. ஒவ்வொரு மாதமும் வேதாளத்தைத் தமிழில் பேசவைத்தவரின் பெயரை நாம் கேட்டதுகூட இல்லை. நாகிரெட்டியின் பெருமையைப் பேசும்போது இந்தக் கடனையும் சேர்த்துப் பேசுவதே நியாயம்.

இனித் திரைப்படத்திற்கு வருவோம். நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய விஜயா நிறுவனத்தின் முதற்படம் 'ஷாவுகாரு' (1950). அதில் அறிமுகமான ஜானகி, 'சௌகார்' என்ற அடைமொழியை இன்றளவும் தாங்கியிருக்கிறார். 'பாதாள பைரவி' (1951), 'மிஸ்ஸியம்மா' (1955), 'மாயா பஜார்' (1957) ஆகியவை தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்தன. 1948-இல் நிறுவப்பெற்ற வாஹினி படப்பிடிப்பு நிலையமும் காலப்போக்கில் நாகிரெட்டியின் கைக்கு வந்து, விஜயா-வாஹினி என்ற இணைபெயரில், ஆசியாவிலேயே மிகப் பெரியது என்று பேசப்படும் அளவிற்கு வளர்ந்தது.

அம்புலிமாமாவின் தத்துவமே இங்கும் வேலை செய்தது. அரங்கமும் ஆடையணியும் ஒருமுறை அமைத்தால், அதே அரங்கில் இரு மொழிப் படங்களையும் எடுத்துவிடலாம். கோகலே, கலாதர் ஆகிய கலை இயக்குநர்கள் அமைத்த அரண்மனைகளையும் அணிகளையும் மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவுக் கருவி பதிவு செய்தது. 'மாயா பஜார்' படத்தில் என். டி. ராமராவ் ஏற்ற கண்ணன் வேடம், ஆந்திர நாட்டில் கண்ணனைப் பற்றிய மக்களின் மனச் சித்திரத்தையே மாற்றியது என்பார்கள். கடவுளுக்கே ஆடை வழக்கத்தை வகுத்த தொழில் இது என்று சொன்னால் மிகையாகாது.

சமூகப் படங்களில் உடை வேறு வகையில் பேசியது. 'மிஸ்ஸியம்மா' கதையில், வேலை கிடைப்பதற்காகக் கிறிஸ்தவப் பெண்ணொருத்தி ஓர் இந்து இளைஞனின் மனைவியாக நடிக்க நேர்கிறது. வேலையில்லாத் திண்டாட்டத்தை நகைச்சுவையாகச் சொன்ன அந்தப் படம், ஆடையும் அணியும் எவ்வளவு எளிதாக ஒருவரை வேறொருவராக்கிவிடும் என்பதையும் சிரித்துக்கொண்டே காட்டியது. 1965-இல் வண்ணத்தில் வெளிவந்த 'எங்க வீட்டுப் பிள்ளை' அதனை இன்னும் வெளிப்படையாகச் செய்தது. ஒரே முகமுடைய இருவர். ஒருவன் கோழை, மற்றவன் வீரன். எம். ஜி. ராமச்சந்திரன் ஏற்ற அவ்விரு வேடங்களையும் பார்வையாளர் உடையாலும் நடையாலுமே பிரித்தறிந்தனர்.

திரையில் கண்டதை வீட்டிற்குக் கொண்டுபோகும் வழி ஒன்று வேண்டாமா? அதற்கும் நாகிரெட்டியின் அச்சகமே விடை தந்தது. 1960-களின் நடுவில் தமிழில் 'பொம்மை', தெலுங்கில் 'விஜயசித்ரா' என்ற திரையுலக மாத இதழ்கள் தோன்றின. வழவழப்பான தாளில் நட்சத்திரங்களின் வண்ணப் படங்களுடன் அவை வந்தன. எம். ஜி. ராமச்சந்திரனை ஜெயலலிதா பேட்டி கண்டு எழுதிய கட்டுரை பொம்மையில் வெளிவந்தது, பிற்கால அரசியலை அறிந்த நமக்கு ஒரு வியப்பான ஏடு. உடை அலங்காரத்திற்கென்றே தனிப் பத்திரிகைகள் தென்னாட்டு நடுத்தரக் குடும்பங்களை எட்டாத காலம் அது. ரவிக்கையின் கை எவ்வளவு நீளம், புடவைக்கு எந்த நிறத்தில் ரவிக்கை, கூந்தலை எப்படி முடிவது என்ற வினாக்களுக்கெல்லாம் இத்தகைய இதழ்களின் பக்கங்களே விடை சொல்லின. தையற்கடையில் ஒரு பக்கத்தைக் கிழித்துக் காட்டி, "இதுபோல் தையுங்கள்" என்று சொல்லும் வழக்கத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

இவ்வாறு ஆசையை வளர்ப்பது நல்லதா என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் நாகிரெட்டியின் வெளியீடுகளில் அழகு என்பது ஓர் அளவுக்கு உட்பட்டே நின்றது. குடும்பம் முழுவதும் ஒன்றாக அமர்ந்து பார்க்கவும் படிக்கவும் தக்கதாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை அவரும் சக்கரபாணியும் வியாபார விதியாகவே கொண்டிருந்தனர் என்பது அவர்கள் படங்களைப் பார்த்தால் விளங்கும். அதனால் அவர்கள் துணிவான சோதனைகள் சிலவற்றை இழந்திருக்கலாம்; வாசகரின் நம்பிக்கையை இழக்கவில்லை.

வாழ்வின் பிற்பகுதியில் நாகிரெட்டி வேறு பணிகளுக்குத் திரும்பினார். 1972-இல் வடபழனியில் விஜயா மருத்துவமனை எழுந்தது. 1980 முதல் 1983 வரை திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அறங்காவலர் குழுத் தலைவராக இருந்தார். திருமலையில் தரிசனத்திற்குக் காத்திருப்போர் வெயிலிலும் மழையிலும் தெருவில் நிற்காமல், கூடங்களில் அமர்ந்து முறைப்படி செல்வதற்கான வைகுண்டம் வரிசை வளாகம் உருவானது அவர் பொறுப்பிலிருந்த காலத்திலேதான். திரையரங்க வாயில்களில் கூடும் கூட்டத்தை வாழ்நாளெல்லாம் பார்த்தவருக்கு, காத்திருப்போரின் கால்வலி தெரிந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. இன்று அந்தக் கூடங்களில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் கலந்து ஒலிக்கின்றன. பின்கொசுவமும் முந்தானையும் சுடிதாரும் வேட்டியும் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கின்றன. அம்புலிமாமாவின் படத்தில் ஒன்றாக்கப்பட்டவர்கள் அங்கே தத்தம் உடையிலேயே ஒன்றாகக் காத்திருக்கிறார்கள்.

1986-ஆம் ஆண்டிற்கான தாதாசாகிப் பால்கே விருது அவருக்கு அளிக்கப்பட்டது. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி அவர் மறைந்தார். அதற்கு முன்பே, 1998-இல் தொழில் தகராறு காரணமாகச் சந்தமாமா இதழ்கள் நின்று, அடுத்த ஆண்டு மீண்டும் தொடங்கின. 2007-இல் மும்பையைச் சேர்ந்த மென்பொருள் நிறுவனம் ஒன்று அவற்றை வாங்கியது. 2013-இல் எல்லா மொழிப் பதிப்புகளும் ஓய்ந்தன. அதே 2013-ஆம் ஆண்டில், விஜயா-வாஹினி அரங்குகள் நின்ற வடபழனி நிலத்தில் பெரிய வணிக வளாகம் ஒன்று திறக்கப்பட்டது. பாதாள பைரவியின் குகையும் மாயா பஜாரின் மாளிகையும் எழுந்த இடத்தில் இன்று ஆயத்த ஆடைக் கடைகளின் கண்ணாடிப் பலகணிகள் ஒளிர்கின்றன.

சித்தூர் மாவட்டமும் 2022-இல் பிரிக்கப்பட்டு, திருப்பதி தனி மாவட்டமாயிற்று. காளஹஸ்தியும் வெங்கடகிரியும் அதில் சேர்ந்தன. எல்லைகள் இவ்வாறு மாறிக்கொண்டே இருக்கும்; உடையும் மாறும். பத்திரிகைகளும் தோன்றி மறையும். நாகிரெட்டி தொடங்கி வைத்த பதிப்புகளில் ஒன்றுகூட இன்று அச்சில் இல்லை. ஆயினும் பழைய வீடுகளின் பரண்களில் கயிறு கட்டிய அம்புலிமாமாத் தொகுதிகள் இன்னும் கிடக்கின்றன. அவற்றை இறக்கித் தூசி தட்டும்போது, படம் வரைந்தவரையும், அச்சிட்டவரையும், பெயர் சொல்லாமல் தமிழாக்கியவரையும் ஒரு கணம் நினைப்போமாக. அந்தத் தொகுதிகள் உங்கள் வீட்டில் இருக்குமானால், பழைய தாள்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.